விபாசனா பத்து நாள் முகாம்: பன்னிரண்டு நாள் விடுப்புக்குத் தகுமா?

தன்னை அறிய வேண்டும், மனத்தைப் பக்குவப்படுத்த வேண்டும் என்று தேடத் தொடங்குபவர் காதில் சீக்கிரமே விழுந்துவிடும் ஒரு தியான முறையின் பெயர் விபாசனா. சென்னைப் புறநகர் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் சேர்ந்தாலும், மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள தம்ம கிரிக்குப் போனாலும், இலங்கையில் பேராதனைக்கு அருகே மலைமேல் இருக்கும் தம்ம கூடத்தில் உட்கார்ந்தாலும் முகாம் ஒன்றேதான். அதே காலை நான்கு மணி, அதே பாடமுறை, இதைக் கற்பித்த ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் பதிவு செய்யப்பட்ட அதே குரல். அறையும் சாப்பாடும் வெயிலும் குளிரும்தான் இடத்துக்கு இடம் மாறும். அதனால் இங்கே மதிப்பிடுவது ஒரு கட்டடத்தை இல்லை, அந்தப் பத்து நாள் பயிற்சியை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உடலில் எழும் ஓர் உணர்வுக்கு உடனே எதிர்வினை காட்டாமல் இருப்பது எப்படி என்ற ஒரே ஒரு திறனை அடியிலிருந்து கற்றுக்கொள்ள, இதைவிடக் கறாரான, நேர்மையான பயிற்சி கிடைப்பது அரிது. ஆனால் அந்த ஒன்றைத்தான் கற்றுத்தருவார்கள். வேலையை விடலாமா, திருமணத்தை என்ன செய்வது, என் பிறவிப் பயன் எது என்ற கேள்விகளோடு போகிறவருக்கு அங்கே பதில் வைத்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு தினமும் உட்கார நேரம் ஒதுக்க முடியாதவருக்கோ, கற்றதும் சில வாரங்களில் கரைந்துவிடும்.

கட்டணம் கிடையாது. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்தே கிடையாது. முதன்முறை வருகிறவர் ஆர்வத்தில் முன்கூட்டியே பணம் கொடுக்க நினைத்தாலும் வாங்க மாட்டார்கள். ஒரு பத்து நாள் முகாமையாவது முடித்தவரின் நன்கொடையை மட்டுமே ஏற்பது இவர்களின் விதி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. சமைப்பவர், பரிமாறுபவர், மணி அடிப்பவர் என்று அங்கே ஓடியாடும் தம்ம சேவகர்கள் ஏற்கெனவே முகாம் முடித்துவிட்டுத் தொண்டுக்கு வந்தவர்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் காலத்தில் இது பெரிய விஷயம். உங்களிடம் எதையும் விற்காததால் உங்களைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. முகாமின் பலம், குறை இரண்டும் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்துதான் முளைக்கின்றன.

கோயங்கா 1924-இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போனவர், பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின் என்பவரிடம் 1955-இல் இந்தப் பயிற்சியைக் கற்றார். 1969-இல் இந்தியா வந்து மும்பையில் முதல் முகாமை நடத்தினார். 1976-இல் இகத்புரி மையம் உருவானது. 2013-இல் அவர் மறைந்த பிறகும் பயிற்சி அவருடைய ஒலிப்பதிவுகளாலேயே நடக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் பதிவை இயக்குவார், சந்தேகம் கேட்டால் தீர்ப்பார். இரவுச் சொற்பொழிவைத் தமிழிலேயே கேட்கலாம். விண்ணப்பத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்துவிடுங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று விட்டுவிடுபவர்கள், ஆறாம் நாள் களைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்நிய மொழியைப் பின்தொடர்வது எவ்வளவு பாடு என்று அங்கே போய்த்தான் உணர்கிறார்கள்.

விண்ணப்பம் தம்மா.ஆர்க் (dhamma.org) என்ற இணையதளத்தில். ஆண், பெண் இடங்கள் தனித்தனி. தங்குமிடம், சாப்பாட்டுக் கூடம், நடைபாதை எல்லாமே தனித்தனி. கணவன் மனைவி ஒரே முகாமில் சேர்ந்தாலும் பத்தாம் நாள் வரை பேசிக்கொள்ள முடியாது. இடம் நிரம்பிவிட்டது என்று வந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டு வைக்கலாம். கடைசி வாரத்தில் பலர் விலகுவார்கள், பட்டியல் நகரும். வருவதை மறுபடி உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் அன்றே பதில் போட்டுவிடுங்கள். தவறினால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். பெயரில்தான் பத்து நாள். முந்தைய நாள் பிற்பகல் போய்ச் சேர வேண்டும், பதினொன்றாம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் விடுப்பு கேளுங்கள், முடிந்தால் பதின்மூன்று.

ஒரு நாள் எப்படிப் போகும்

நான்கு மணிக்கு எழுப்பும் மணி. நான்கரையிலிருந்து ஆறரை வரை கூடத்திலோ அறையிலோ தியானம். பிறகு காலை உணவு. எட்டு மணிக்கு எல்லோரும் கூடத்தில் கட்டாயமாகச் சேர்ந்து உட்காரும் ஒரு மணி நேரம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மறுபடி தியானம். பதினொரு மணிக்கு மதிய உணவு. ஒரு மணிக்குத் தொடங்கினால் ஐந்து வரை உட்காருவது. நடுவே இரண்டரை முதல் மூன்றரை வரை கூட்டுத் தியானம். ஐந்து மணிக்குச் சிற்றுண்டி, ஆறு மணிக்கு மூன்றாவது கூட்டுத் தியானம், ஏழு மணிக்குச் சொற்பொழிவு, எட்டேகாலுக்கு மறுபடி முக்கால் மணி நேரம். ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பார்கள். கூட்டிப் பார்த்தால் சொற்பொழிவைச் சேர்க்காமலே நாளுக்குப் பத்தே முக்கால் மணி நேரத் தியானம் வருகிறது.

போய்ச் சேர்ந்த நாள் இரவு தொடங்கிப் பத்தாம் நாள் முற்பகல் வரை ஆரிய மௌனம். வாய் பேசாமல் இருந்தால் மட்டும் போதாது. சைகை, கண்ஜாடை, சீட்டில் எழுதிக் காட்டுவது எதுவும் கூடாது. ஆசிரியரிடமும் சேவகரிடமும் தேவைக்குப் பேசலாம். கைபேசி, புத்தகம், நோட்டு, பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். பூசை, விளக்கேற்றல், ஜபம், தொழுகை, விரதம், யோகாசனம், வேறு தியான முறை எல்லாவற்றையும் பத்து நாளுக்கு நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இதில் மனம் ஒப்பாதவர்கள் போய்ப் பாதியில் மனம் கசந்து திரும்புவதைவிட, முதலிலேயே போகாமல் இருப்பது நல்லது.

என்ன கற்றுத்தருகிறார்கள், எங்கே பிசகுகிறது

முதல் மூன்றரை நாள் முழுக்க ஆனாபானா. மூச்சு தானாக எப்படி உள்ளே போகிறதோ, வெளியே வருகிறதோ அதை மூக்கின் வாசலில் கவனிப்பது, அவ்வளவுதான். எண்ணக் கூடாது, மந்திரம் சேர்க்கக் கூடாது, உருவம் கற்பிக்கக் கூடாது. இரண்டாம் நாள், மூக்கும் மேலுதடும் சேர்ந்த முக்கோணத்துக்குள் மூச்சு எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் அதே முக்கோணத்தில் அரிப்பு, சூடு, குறுகுறுப்பு என்று எது தெரிந்தாலும் கவனிப்பது. பிறகு இடம் இன்னும் சுருங்கும்: மூக்குத் துளைக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, மீசை முளைக்கும் அந்தச் சிறு பட்டை மட்டும். இடத்தை இப்படிச் சுருக்கிக்கொண்டே போவதற்குக் காரணம் உண்டு. கவனம் விழும் பரப்பு குறையக் குறைய, மனம் நுட்பமான உணர்வுகளையும் பிடிக்கும் அளவுக்குக் கூர்மையாகிறது. நான்காம் நாளுக்குத் தேவையான கருவி அதுதான்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த இடத்தில் இரண்டு தடங்கல்கள் வரும். பிராணாயாமம் பழகியவர்கள் கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சை நீட்டவும் சீராக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள். பல ஆண்டுப் பழக்கம், கை தானாகப் போகிற மாதிரி மூச்சு தானாக நீளும். இங்கே மூச்சு குட்டையாக இருந்தால் குட்டையாகவே இருக்கட்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் மட்டும் சில மூச்சுகளைக் கொஞ்சம் அழுத்தமாக விட்டுப் பார்த்து, தெரிந்தவுடன் இயல்புக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது, வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் ஆக்கினை, துரியம் என்ற தியானங்களைப் பழகியவர்களுக்குக் கவனம் புருவ நடுவுக்கோ உச்சிக்கோ ஏறிக்கொண்டே இருக்கும். சிலருக்கு நெற்றியில் கனமும் தலைவலியும் வரும். அந்தப் பயிற்சி தவறு என்று பொருள் இல்லை. இரண்டின் போக்கும் வேறு. பத்து நாளில் இரண்டையும் கலந்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். கலக்காதீர்கள் என்ற விதியைப் பலர் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கற்பவரைக் காக்கும் விதி அது.

நான்காம் நாள் பிற்பகல் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை உடலை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தால் தடவிக்கொண்டு போவது. நெற்றி, கண், கன்னம், தொண்டை, தோள், கை, மார்பு, வயிறு, முதுகு, தொடை என்று ஒரே வரிசை. வேர்வை, துடிப்பு, பாரம், மரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, துணி படுவது என எதுவும் கணக்குதான். ஓரிடத்தில் ஒன்றும் தெரியவில்லையா, ஒரு நிமிடம் வரை பொறுமையாக இருந்துவிட்டு நகர வேண்டும். ஒரு சுற்று சுமார் பத்து நிமிடம் ஆகலாம். அடுத்தடுத்த நாட்களில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பிறகு இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒரே நேரத்தில் என்று போகும். கடைசியில், உணர்வு தடையில்லாமல் ஓடும் இடங்களில் ஒரே வீச்சாக உடல் முழுக்கப் போகச் சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஓர் எளிய வாதம். கோபமோ ஆசையோ பயமோ எதுவாக இருந்தாலும் உடலில் ஓர் உணர்வாகத் தெரிகிறது. நாம் வெளியே இருக்கும் ஆளுக்கோ பொருளுக்கோ எதிர்வினை காட்டுவதாக நினைக்கிறோம்; ஆழத்தில் அந்த உடல் உணர்வுக்குத்தான் காட்டுகிறோம். அந்த உணர்வு எழுந்து மறைவதை விரும்பாமலும் வெறுக்காமலும் பார்க்கப் பழகினால் பழைய வழக்கம் வலுவிழக்கும். அனிச்ச, அதாவது நிலையாமை, என்ற பாலிச் சொல்லைப் பத்து நாளும் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். நிலையாமை என்பது தமிழருக்குப் புதுச் சரக்கு இல்லை. சிறு வயதிலிருந்து படித்து மனப்பாடம் செய்ததுதான். முழங்கால் வலி ஒன்று உச்சத்துக்குப் போய், துண்டு துண்டாக உடைந்து, மறைந்து, மறுபடி வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது அந்தப் பாடம் முதன்முறையாக உடலில் இறங்குகிறது. இந்த முகாமின் மிகச் சிறந்த பகுதி இதுதான். இதை எந்தச் செயலியும் வாரக்கடைசி வகுப்பும் தந்துவிட முடியாது, ஏனென்றால் இதற்கு அந்த மூன்றரை நாள் முன்வேலை வேண்டும்.

ஏழாம் எட்டாம் நாள் வாக்கில் உடல் முழுக்க மெல்லிய அதிர்வு ஓடுவது போன்ற இனிய அனுபவம் சிலருக்கு வரும். வந்தவுடன் அதுதான் சாதனை என்று மனம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அமர்வில் வராது. எங்கே போனது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள், மீதி நாட்கள் அந்தத் தேடலிலேயே தீரும். அறிவுரை திரும்பத் திரும்பச் சொல்வது இதற்கு நேர்மாறானது: முன்னேற்றத்தின் அளவுகோல் எந்த மாதிரி உணர்வு வந்தது என்பதில் இல்லை, வந்த உணர்வை எவ்வளவு சமநிலையோடு பார்த்தீர்கள் என்பதில். பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் உங்களுக்கு என்ன தெரிந்தது என்று ஒருவரையொருவர் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்.

ஒரு மணி நேரம் அசையாமல்

நான்காம் நாளிலிருந்து மூன்று கூட்டுத் தியானங்களும் அதிட்டானம் ஆகிவிடும்: ஒரு மணி நேரம் கை விரிக்காமல், கால் மாற்றாமல், கண் திறக்காமல். முகாமைப் பற்றிய பயம் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். பாதிக்கு மேல் இருக்கையை அமைக்கும் விதத்தில் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு அங்குலம். திண்டின் முன்பகுதியில், மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்காருங்கள். அப்போதுதான் இடுப்பெலும்பு லேசாக முன்னோக்கிச் சாய்ந்து முதுகு தானாக நிமிரும். திண்டு முழுவதிலும் அழுந்தி உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரியும், கீழ்முதுகு வளையும், இருபதாவது நிமிடத்தில் தோள்பட்டைக்கு நடுவே எரியத் தொடங்கும். முழங்கால் தரையைத் தொடவில்லையென்றால் அந்த இடைவெளியில் மடித்த துண்டோ சிறு திண்டோ வைத்து நிரப்பிவிடுங்கள். தொங்கும் முழங்கால்தான் இடுப்பு மூட்டு வலிக்கு முதல் காரணம். பத்மாசனம் வேண்டாம். ஒரு காலுக்கு முன் இன்னொரு காலைத் தரையில் படுத்தபடி வைக்கும் பர்மியச் சம்மணம் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். கூடத்தில் திண்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் இரண்டு நாளிலேயே நான்கைந்து விதமாக அடுக்கிப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள்; அதிட்டானம் தொடங்கிய பிறகு சோதனை செய்வது கடினம்.

கால் மரத்துப்போவது பெரும்பாலும் திண்டின் விளிம்பு தொடையின் அடியில் நரம்பை அழுத்துவதால். கொஞ்சம் முன்னே நகர்ந்தால் சரியாகும். மணி அடித்ததும் சட்டென எழாதீர்கள்; காலை நீட்டி இரண்டு நிமிடம் விட்டு எழுங்கள். மரத்த காலை ஊன்றிக் கணுக்கால் பிசகுவதுதான் இங்கே நேரக்கூடிய விபத்து. வலியில் இரண்டு வகையையும் பிரித்தறிய வேண்டும். தசையில் எரிச்சலாக, இழுப்பாக வந்து, எழுந்து நடந்ததும் போய்விடும் வலியைக் கவனித்துக்கொண்டே உட்காரலாம். முழங்கால் மூட்டுக்கு உள்ளே ஊசி குத்துவது போல் வந்து, நடந்த பிறகும் நிற்கிற வலி வேறு. அன்றே ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பயிற்சியில் ஒரு துளியும் குறையாது. அசையாமை உறுதியை வளர்ப்பதற்கான துணை மட்டும்தான், பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு சண்டை போடுபவர் சமநிலையை அல்ல, வெறுப்பைத்தான் அந்த ஒரு மணி நேரமும் பயில்கிறார்.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலருக்கு ஓடிவிடத் தோன்றும். கோயங்காவே சொற்பொழிவில் இந்த இரு நாட்களையும் குறிப்பிட்டுச் சொல்வார். இரண்டாம் நாள் புதுமை தீர்ந்து உடம்பு முரண்டு பிடிக்கும். காபி பழக்கம் உள்ளவர்களுக்குத் தலைவலியும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் முன்பே நாளுக்குக் கால் பங்கு, அரைப் பங்கு என்று குறைத்துக்கொண்டு வந்தால் தப்பிக்கலாம். புகை, பாக்கு எதற்கும் அனுமதி இல்லை. தூக்கம் சில இரவுகள் வராது. பகலெல்லாம் மனம் விழித்திருந்ததன் விளைவு அது. படுத்தபடியே கண்ணை மூடி உடலைக் கவனித்துக்கொண்டிருந்தால் காலையில் சோர்வு பெரிதாகத் தெரியாது. தூக்கமே போய்விட்டது என்ற கவலைதான் தூக்கமின்மையைவிட அதிகம் களைக்க வைக்கும்.

யார் போகக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு இருப்பவர்களுக்கும், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களுக்கும் இது ஏற்ற மருந்து இல்லை. மௌனமும் நீண்ட உட்காருதலும் அடங்கிக் கிடந்ததைக் கிளறிவிடக் கூடியவை. தியானத்தால் வரும் பதற்றம், தூக்கக் குலைவு, தன்னிலை மறப்பு போன்றவற்றை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள்; ஆண்டுக்கணக்கில் தியானம் பழகியவர்களும் ஆசிரியர்களும்கூட அதில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் மன நலம், உட்கொள்ளும் மருந்துகள் பற்றிக் கேட்பது இதற்காகத்தான். இடம் கிடைக்காதோ என்று மறைக்காதீர்கள். சேருவதற்காக மனநல மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

முகாம் வடிவத்தின் உண்மையான குறையும் இங்கேதான் இருக்கிறது. உதவி ஆசிரியர்கள் நல்லெண்ணம் கொண்ட மூத்த பயிற்சியாளர்கள். மனநலம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. மதியம் பன்னிரண்டு முதல் ஒன்று வரை பெயர் கொடுத்துத் தனியே பேசலாம், சில நிமிடங்கள் கிடைக்கும். நுட்பத்தைப் பற்றிய கேள்விக்குத் தெளிவாகப் பதில் வரும். பழைய கொடுமை ஒன்று நினைவில் எழுந்து ஆளையே உலுக்குகிறது என்றாலும் பதில் பெரும்பாலும் கவனியுங்கள், சமநிலையில் இருங்கள் என்ற அளவில்தான் நிற்கும். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்ற ஏற்பாட்டால் பயிற்சி கலப்படமாகாமல் நிற்கிறது. அதே ஏற்பாட்டால் தனி ஆளின் தேவைக்கு வளையவும் முடிவதில்லை. மனம் உங்கள் பிடியை விட்டுப் போகிறது என்று தோன்றினால், பயிற்சியைத் தளர்த்தி ஆனாபானாவுக்குத் திரும்பவோ, அறையில் ஓய்வெடுக்கவோ, நடக்கவோ அனுமதி கேளுங்கள். கேட்பது தோல்வி இல்லை.

நீரிழிவு உள்ளவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: மாலை ஐந்து மணிச் சிற்றுண்டிக்கும் மறுநாள் காலை ஆறரைக்கும் இடையே பதின்மூன்றரை மணி நேரம். மருத்துவரிடம் மருந்து அளவைப் பேசிவிட்டு, மையத்துக்கும் முன்பே தெரிவித்தால் இரவுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய வழி உண்டு.

மதமா, இல்லையா

மதம் சாராத பயிற்சி என்று சொல்கிறார்கள். மூச்சும் உடல் உணர்வும் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை என்ற அளவில் அது சரி. தில்லி திகார் சிறையில் கிரண் பேடி தலைமை அதிகாரியாக இருந்தபோது, 1994-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பல மதத்தவராகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் தொடக்க நாளில் புத்தம், தம்மம், சங்கம் என்று மூன்று சரணங்களைப் பாலியில் சொல்ல வேண்டும். காலையும் மாலையும் பாலிப் பாடல்கள் ஒலிக்கும். சொற்பொழிவில் புத்தர் கதைகளும் முற்பிறவிக் கருத்தும் வரும். சரணத்துக்குக் கொடுக்கும் விளக்கம் புத்தர் என்ற ஆளை அல்ல, அவர் அடைந்த குணத்தைச் சார்ந்தது. அந்த விளக்கம் உங்களுக்குப் போதுமா என்பதை நீங்களே முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள். முற்பிறவிக் கருத்தை ஏற்காமலும் பயிற்சியை முழுமையாகச் செய்ய முடியும்.

தன் வளர்ச்சிக்காகப் போகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தி, தன் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணர்வதை உச்சியில் வைத்தார். இன்றைய ஆளுமை வளர்ச்சி வகுப்புகள் பேசுவது அந்த மொழியைத்தான். விபாசனா கேட்கும் கேள்வி வேறு: வளர்க்க நினைக்கிறீர்களே, அந்த நான் எங்கே இருக்கிறது? எழுந்து மறையும் உணர்வுகளில் எது நான்? இன்னும் திறமையான, இன்னும் வெற்றிகரமான ஒரு நானைச் செய்துகொண்டு திரும்பலாம் என்று போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். சற்று லேசாகத் திரும்புபவர்கள், அந்த எதிர்பார்ப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள்.

சாப்பாடு எளிய சைவம், போதுமான அளவு. முக்கால் வயிறு சாப்பிடுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் மலச்சிக்கல் எளிதில் வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாலையில் புதியவர்களுக்குப் பொரி, பழம், தேநீர் மாதிரி ஏதாவது. பழைய மாணவர்களுக்கு, அதாவது ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு, எலுமிச்சை நீர் அளவோடு சரி. கொசுவைக் கொல்லக் கூடாது என்பதால் தோலில் தடவும் களிம்பு எடுத்துப் போங்கள். பக்கத்துக் கட்டில் குறட்டைக்குக் காதடைப்பான், கைவிளக்கு, குடை, தண்ணீர்ப் புட்டி, பூட்டு, சாயங்காலக் காற்றுக்கு ஒரு சால்வை. தொளதொளப்பான பருத்தி உடை. சரசரக்கும் துணியும் வாசனைத் திரவியமும் பக்கத்தில் இருப்பவரைக் கெடுக்கும். பெண்கள் மாதவிடாய் நாட்களைக் கணக்கிட்டுத் தள்ளிப்போட வேண்டியதில்லை, எந்தத் தடையும் இல்லை. நாப்கின் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் மைய அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றால் செய்தி வந்து சேரும். சென்னை மையத்துக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் முதல் முகாமை வைத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

பத்தாம் நாள் மெத்தா, அதாவது எல்லா உயிருக்கும் நலம் நினைக்கும் தியானம், கற்றுத்தந்து மௌனத்தை விடுவிப்பார்கள். வெளியேறும் நாளில் காது கூச்சமாக இருக்கும். பேருந்து ஒலிப்பான் கூட உடம்பில் அடிக்கும். அன்றே வெகுதூரம் வண்டி ஓட்ட வேண்டாம். வேலையை விடுவது, உறவை முறிப்பது, பெரும் தொகை கொடுப்பது போன்ற முடிவுகளை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அப்போதைய தெளிவு உண்மையானதுதான், ஆனால் அது பத்து நாள் மௌனத்தில் விளைந்தது. அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே அது எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பலர் முதல் வாரம் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள், மூன்றாம் வாரம் மாலை நின்றுபோகும், இரண்டாம் மாதம் காலையும் போகும். காரணம் சோம்பல் மட்டும் இல்லை. முகாமில் கிடைத்த ஆழம் வீட்டில் கிடைக்காததால், இது வீண் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. பத்தே முக்கால் மணி நேரத்தின் விளைவை ஒரு மணி நேரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால் காலையை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பத்து பதினைந்து நிமிடம் ஆனாபானா, பிறகு தலை முதல் கால் வரை, கடைசி ஐந்து நிமிடம் மெத்தா. மனம் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் முழு நேரமும் ஆனாபானாவிலேயே இருந்தாலும் தவறில்லை. மாதம் ஒருமுறையாவது பழைய மாணவர்களுக்கான ஒரு நாள் முகாமுக்குப் போவது, வாராந்தரக் கூட்டுத் தியானத்தில் சேர்வது இரண்டும் தனி மன உறுதியைவிட நம்பகமான துணைகள்.

பலன் தெரிகிறதா என்று தியானத்தில் பார்க்காதீர்கள். கோபம் வரும் நேரத்தில் தாடை இறுகுவதும் மார்பு சூடாவதும் வாயிலிருந்து சொல் வெளிவருவதற்கு முன்பே தெரிகிறதா, சண்டைக்குப் பிறகு மனம் ஆற ஆகும் நேரம் முன்பைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் ஒழுங்காக உட்கார்ந்தவர்களில் பலருக்கு இந்த மாற்றம் தெரிகிறது, அவர்களைவிட அவர்கள் வீட்டாருக்கு முன்னதாகவே தெரிகிறது.

இன்னும் தயக்கம் இருந்தால் வழி ஒன்று உண்டு. சில நிமிடங்களில் ஆனாபானாவை அறிமுகப்படுத்தும் ஒலிப்பதிவு அதே தம்மா.ஆர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கேட்டுப் பழகி, காலை நான்கரை மணிக்கு எழுந்து, ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். மூச்சு இரண்டு முறைக்கு மேல் கவனத்தில் நிற்காமல் போகலாம், கால் வலிக்கலாம். அதற்காகத் தளர வேண்டாம். ஏழாம் நாளும் எழுந்து உட்கார மனம் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள். வந்தால் விண்ணப்பத்தை நிரப்பலாம். வராவிட்டால் அந்த அரை மணி நேரத்தையே இன்னும் சில மாதங்கள் வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். முகாம் அப்போதும் இதே கால அட்டவணையோடு இருக்கும்.